கத்தி உறையின் கறுப்பு

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பது நம் ஊர்ப் பழமொழி. நேபாளத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். குக்ரியின் உறையைத் திருப்பிப் பார்த்தால், பெரிய கத்திக்குப் பின்னால் 'கர்தா' என்ற சிறு கத்தி ஒன்றும், 'சக்மக்' என்ற மழுங்கிய தீட்டுக்கோல் ஒன்றும் செருகியிருக்கும். ஒரே உறையில் மூன்று! மரத்தில் செதுக்கி, மேலே எருமைத் தோல் போர்த்திய அந்த உறை பெரும்பாலும் கறுப்பு நிறத்தில்தான் இருக்கும்.

கத்தியைப் பற்றி எழுதியவர்கள் உலகத்தில் ஏராளம். எந்த எஃகு, எப்படிக் காய்ச்சினார்கள், எப்படித் தோய்த்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். உறைக்கு வரும்போது "தோலுறையுடன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் கையால் செய்த கத்தி ஒன்றில் உண்மையான சிக்கல் உறையில்தான் இருக்கிறது. தோலும் இரும்பும் ஒத்துப்போகாத இரண்டு பொருட்கள். தோலில் இருக்கும் அமிலமும் உப்பும் ஈரமும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். இரும்போ தோலைக் கறுப்பாக்கும், அதிகமானால் வெடிக்கவும் வைக்கும். இந்த இரண்டையும் நாள் முழுக்க ஒட்டி வைத்திருப்பதுதான் உறை செய்பவனின் வேலை.

வேடிக்கை என்னவென்றால், உறைக்குக் கறுப்பு நிறம் கொடுத்ததே அந்த இரும்புதான்.

ஆற்றுச் சேற்றில் கிடைத்த உறைகள்

1991-ல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள்ளிருந்து கிடைத்த 'ஓட்ஸி' என்ற மனிதனின் உடல் சுமார் 5,300 ஆண்டுகள் பழையது. அவனிடம் சிக்கிமுக்கிக் கல்லில் செய்த ஒரு குறுவாளும், அதற்கு ஓர் உறையும் இருந்தன. அந்த உறை தோல் அல்ல, மரப்பட்டை நாரில் பின்னியது. கல்லுக்கு அது போதும். உலோகம் வந்த பிறகு தோலின் தேவை கூடியது.

தோலுறையின் வரலாற்றை நன்றாகக் காட்டும் இடம் லண்டன். 1970களிலும் 80களிலும் தேம்ஸ் ஆற்றங்கரையில் தோண்டியபோது 12-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரையிலான நூற்றுக்கணக்கான கத்திகளும் ஏராளமான உறைகளும் கிடைத்தன. லண்டன் அருங்காட்சியகத்தார் 1987-ல் அவற்றுக்கென்று தனிப் புத்தகமே வெளியிட்டார்கள். பெரும்பாலானவை கன்றுத்தோல். ஒரே துண்டுத் தோலை மடித்துப் பின்பக்கம் தைத்திருக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போதே கத்தியின் வடிவத்துக்கு அழுத்தி உலர்த்தியிருக்கிறார்கள். பிடி வரும் இடத்துக்கு ஒரு வேலைப்பாடு, அலகு வரும் இடத்துக்கு வேறொரு வேலைப்பாடு என்று இரண்டு கட்டமாகப் பிரித்து, கீறியும் முத்திரை குத்தியும் அழகுபடுத்தியிருக்கிறார்கள். சாதாரண ஆளின் இடுப்பில் தொங்கிய கத்திக்கு இவ்வளவு அலங்காரம்!

இவை ஏன் மக்கிப்போகவில்லை? காற்றுப் புகாத ஈரச்சேறு ஒரு காரணம். மரப்பட்டையில் பதனிட்ட தோல் என்பது இன்னொரு காரணம். படிகாரம் போட்டு வெளுப்பாகப் பதனிட்ட தோல்களும் அந்தக் காலத்தில் உண்டு. ஆனால் படிகாரம் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும், பிறகு தோல் அழுகிவிடும். பட்டையில் ஊறிய தோல்தான் நூற்றாண்டுகளைத் தாண்டி வந்திருக்கிறது.

வணிகம் படிப்பவர்களுக்கு இங்கே சுவையான ஒரு செய்தி இருக்கிறது. இடைக்கால லண்டனில் ஒரு கத்தியை ஒரே ஆள் செய்யவில்லை. அலகை அடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர், உறை தைப்பவர் ஒருவர். இவர்களிடமிருந்து வாங்கிச் சேர்த்து விற்பவர்தான் 'கட்லர்'. கட்லர்களின் சங்கத்துக்கு 1416-ல் ஐந்தாம் ஹென்றி மன்னரிடமிருந்து சாசனம் கிடைத்தது. அலகுக்காரர்களும் உறைக்காரர்களும் நாளடைவில் அந்தச் சங்கத்துக்குள் கரைந்துபோனார்கள். செய்தவர்களின் பெயர் போய், சேர்த்து விற்றவரின் பெயர் நின்றது. சந்தை என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

அன்னபேதியும் காடியும்

தோலைக் கறுப்பாக்க அந்தக் காலத்தவர் கடைக்குப் போய்ச் சாயம் வாங்கவில்லை. பட்டையில் பதனிட்ட தோலுக்குள் டானின் என்கிற துவர்ப்புச் சத்து நிறைந்திருக்கும். கடுக்காயைக் கடித்தால் நாக்கைப் பிடிக்கிறதே, அதே துவர்ப்பு. அதன்மேல் இரும்பு உப்பு பட்டால் போதும், இரண்டும் சேர்ந்து காற்றுப் பட்டதும் நீலங்கலந்த கறுப்பாகிவிடும். பழைய காலத்து எழுதும் மையும் இதே சங்கதிதான். காளஹஸ்தியில் கலம்காரித் துணிக்குக் கறுப்புக் கோடு போடுபவர்கள் இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்க வைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் தீட்டுகிறார்களே, அதுவும் இதேதான். துணியா தோலா என்பது மட்டும் வேறு.

இரும்பு உப்பில் எளிதாகக் கிடைப்பது நம் நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று கேட்டால் தரும் பச்சை உப்பு. ரோமானியர்கள் இந்த வகை உப்புகளுக்கு வைத்த லத்தீன் பெயரின் பொருளே 'செருப்புத் தைப்பவனின் கறுப்பு' என்பதுதான். கி.பி. 79-ல் இறந்த பிளினி அந்தப் பெயரைக் குறிப்பிடுகிறார். அன்னபேதி இல்லாதவர்கள் பழைய இரும்பைக் காடியிலோ புளித்த பீரிலோ ஊறப்போட்டார்கள்.

கையால் கத்தி செய்யும் அமெரிக்கர்கள் பலர் இன்றைக்கும் இதைச் செய்கிறார்கள். வினிகரில் எண்ணெய்ப்பசை போக்கிய இரும்புக் கம்பளியைப் போட்டுச் சில நாள், சில வாரம் விட்டுவிடுவது. பாட்டில் மூடியை இறுக்கி மூடக்கூடாது. இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பாட்டில் வெடித்துவிடும். இந்தக் கரைசலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'வினிகரூன்'. அது உண்மையில் வினிகர் வாடை அடிக்கும் தேள் போன்ற ஒரு பூச்சியின் பெயர்!

இதைத் தோலில் தடவினால் முதலில் சாம்பல் நிறம் வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துக்கொண்டு போகும். தோலில் துவர்ப்பு போதவில்லை என்றால் முன்கூட்டியே கடுந்தேநீர் பூசிக்கொள்வார்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, மீந்திருக்கும் அமிலத்தை முறிக்க வேண்டும். அது முடிந்ததும் எண்ணெய். கழுவுவதைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிட்டால் அமிலம் உள்ளேயே தங்கி முதலில் கத்தியைத் தின்னும், அப்புறம் தோலையும் தின்னும். சரியாகச் செய்தால் இந்தக் கறுப்பு கையில் ஒட்டாது, சட்டையில் ஒட்டாது. ஏனென்றால் இது தோலின் மேல் பூசிய நிறம் அல்ல. தோலே மாறிய நிறம்.

மரமும் தாரும்

இரும்புக் கறுப்பின் குறை, அது கொஞ்சம் சாம்பல் அடிக்கும். ஆழமான கறுப்பு வேண்டுமென்று ஐரோப்பியர்கள் மத்திய அமெரிக்காவின் காம்பீச்சு மரத்தைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் இந்த மரச்சாயம் வெளுத்துப்போகிறது என்று 1581-ல் தடையே போட்டார்கள். 1662-ல்தான் தடை நீங்கியது. சாயத்தை நிலைக்க வைக்கும் முறை தெரிந்தபின் அதே மரம் பெரும் வியாபாரமானது. 19-ஆம் நூற்றாண்டில் தோலுக்குக் கறுப்பென்றால் பெரும்பாலும் காம்பீச்சுச் சாறும் இரும்பு உப்பும் சேர்ந்ததுதான்.

1856-ல் லண்டனில் 18 வயதுப் பையன் வில்லியம் பெர்க்கின், கொய்னா மருந்து செய்யப் போய்த் தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வழியில் வந்த கறுப்புதான் 'நிக்ரோசின்'. 1867-ல் கூப்பியே என்பவர் இதைச் செய்யும் முறையைக் கண்டார். அனிலினையும் நைட்ரோபென்சீனையும் அமிலத்துடன் சூடாக்குவது. இரும்பு இங்கேயும் விட்டபாடில்லை, வினையை நடத்திவைக்க இரும்பைச் சேர்க்க வேண்டியிருந்தது! சாராயத்தில் கரைத்து ஒரு முறை பூசினால் கறுப்பு. ஊறவைக்க வேண்டாம், கழுவ வேண்டாம், காத்திருக்க வேண்டாம். தோல்காரர்கள் விழுந்து விழுந்து வாங்கினார்கள்.

இதற்கு வேறொரு விலை இருந்தது. பாரிசில் குழந்தைகளின் மஞ்சள் காலணிகளை அனிலின் கலந்த சாயத்தால் கறுப்பாக்கிப் போட்டுவிட்டிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் உதடு நீலமாகி மயங்கி விழுந்தார்கள். சாயம் காயாத தோலிலிருந்து அனிலின் உடலுக்குள் போய் இரத்தத்தைக் கெடுத்திருக்கிறது என்று பிரெஞ்சு மருத்துவர்கள் 1900-ல் எழுதினார்கள். ஆறஅமர உலரவைக்க நேரமில்லாத காலம் வந்துவிட்டதற்கு இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா?

உறைக்காரர்களைப் பொறுத்தவரை சாராயச் சாயத்தில் இன்னும் இரண்டு தொல்லைகள். சாராயம் தோலின் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு ஆவியாகும், தோல் விறைத்துப்போகும். மீந்த சாயத்தூள் மேலேயே உட்கார்ந்துகொண்டு கால்சட்டையில் ஒட்டும். அதனால்தான் சாயம் காய்ந்தபின் துணியால் தேய்த்துத் தேய்த்துத் தூளை எடுப்பது, மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுத்த எண்ணெயை மெல்லியதாக ஏற்றுவது, கடைசியில் தேன்மெழுகால் மூடுவது என்று வேலை நீண்டது. எண்ணெய் கூடினால் உறை தொளதொளத்துக் கத்தி நழுவும். குறைந்தால் மடிப்பில் வெடிக்கும். இந்த அளவுக்கு எந்தப் புத்தகத்திலும் சூத்திரம் கிடையாது, கைப்பழக்கம்தான்.

துருவுக்குப் பயந்து பிறந்த தோல்

இந்தக் கதையில் மிகப் பெரிய வேடிக்கை இனிமேல்தான் வருகிறது.

பட்டைப்பதத்துக்கு மாதக்கணக்கில் பிடிக்கும். ஓக் மரப்பட்டையில் கனத்த தோல் என்றால் ஓராண்டுகூட ஆகும். போட்ட முதல் ஓராண்டு குழிக்குள் முடங்கிக் கிடக்கிறது என்று பொருள். 1858-லேயே ஜெர்மானியரான க்னாப் குரோமிய உப்பால் தோலைப் பதனிடலாம் என்று காட்டிவிட்டார். ஆனால் அதைத் தொழிலாக்கியது நியூயார்க்கில் சாய வியாபாரத்தோடு தொடர்புடைய அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்ற வேதியியலாளர். 1884-ல் காப்புரிமை வாங்கினார். அவர் ஏன் இதில் இறங்கினார் தெரியுமா? அந்தக் காலத்துப் பெண்கள் அணிந்த இறுக்கமான உள்ளுடையில் எஃகுப் பட்டைகள் இருக்கும். அவற்றைச் சுற்றியிருந்த படிகாரத் தோல் எஃகைத் துருப்பிடிக்க வைத்தது. துருப்பிடிக்க வைக்காத தோல் ஒன்று வேண்டும் என்று அந்தத் துறைக்காரர் ஒருவர் கேட்க, அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் குரோம் தோல்.

1893-ல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே தொட்டியில் முடிக்கும் வழி கண்டார். மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. 20-ஆம் நூற்றாண்டில் உலகத்துக் காலணிகளின் மேல்தோல் பெரும்பாலும் குரோமுக்கு மாறிவிட்டது.

எஃகைத் துருவிலிருந்து காப்பாற்றப் பிறந்த அந்தத் தோலைத்தான் கத்தி உறை செய்பவர்கள் தொட மறுக்கிறார்கள். காரணம் கேட்டால் "கத்தி துருப்பிடிக்கும்" என்கிறார்கள்! சரியாகக் கழுவாத குரோம் தோலில் உப்பு தங்கும் என்பது உண்மைதான். ஆனால் பட்டைத் தோலிலும் அமிலம் இருக்கிறது, அதுவும் ஈரத்தை உறிஞ்சுகிறது. பழியை முழுக்கக் குரோம் தலையில் போடுவது நியாயமாகத் தெரியவில்லை.

உண்மையான காரணங்கள் வேறு. குரோம் தோல் மெத்தென்று இருக்கும், ஈரமாக்கி அழுத்தினாலும் கத்தியின் வடிவத்தில் நிற்காது. முத்திரை குத்தினால் பதியாது. விளிம்பைத் தேய்த்தால் கண்ணாடி போல மினுக்காது. அதோடு அதில் துவர்ப்புச் சத்து இல்லையாதலால் இரும்புக் கறுப்பு பிடிக்கவே பிடிக்காது. ஆயிரம் ஆண்டு வேலைமுறை முழுவதும் பட்டைத் தோலை நம்பியே உருவாகியிருக்கும்போது தோலை மட்டும் மாற்ற முடியாது.

சென்னைக்கு வந்த பழி

பட்டைத் தோல் என்றதும் சென்னையைத் தாண்டிப் போக முடியாது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. ஆவாரம்பட்டை தரும் நிறம் வெளிர் வைக்கோல் நிறம். எந்தச் சாயத்தையும் ஏற்கும். அதனால் இங்கே பாதி வேலை முடித்து அனுப்ப, சாயமும் மெருகும் அங்கே ஏறின. லாபத்தின் பெரிய பங்கும் அங்கேயே தங்கியது. இந்தப் பாதித்தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுத்தோலாகவே அனுப்ப வேண்டும் என்ற கொள்கை சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், 1970களில்தான் வந்தது.

ஆவாரந்தோலுக்கு ஒரு குறை உண்டு. வெயில் பட்டால் சிவந்துபோகும். கடுக்காயில் மறுபடி ஊறவைத்து இதை ஓரளவு சமாளித்தார்கள். ஆனால் லண்டனில் புத்தக அட்டைகள் பொடிப்பொடியாக உதிர்வது ஏன் என்று ஆராய்ந்த கலைச் சங்கத்தின் குழு 1901-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்தியத் தோலைக் கடுமையாகச் சாடியது. பத்தாண்டுக்குள் கெட்டுப்போகிறது, புத்தகக் கட்டுக்கு ஆகாது என்றது. அதே அறிக்கை விளக்குப் புகையையும் அமிலத்தையும் குற்றவாளிகளாகச் சொன்னது. ஆனால் கெட்ட பெயர் வந்து ஒட்டிக்கொண்டது ஆவாரந்தோலுக்குத்தான்.

இரண்டாண்டு கழித்து, 1903 வாக்கில், ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் சென்னையில் குரோம் பதத்தைச் சோதித்தார். 1912-ல் பல்லாவரம் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டை என்று தினமும் டிக்கெட் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குரோம் எதுவென்று தெரியும்?

உறையே சாட்சி

தோலுறையைப் பின்னுக்குத் தள்ளியது இரண்டாம் உலகப்போர். அமெரிக்க ராணுவத்தின் எம்-3 கத்திக்கு 1943-ல் முதலில் தோலுறைதான் கொடுத்தார்கள். பசிபிக் தீவுகளின் புழுக்கத்தில் தோல் பூசணம் பிடித்து அழுகியது. அதே ஆண்டில் பிளாஸ்டிக் உறைக்கு மாறிவிட்டார்கள். பின்னாளில், 1965-ல் விமான உட்புறங்களுக்காக வந்த 'கைடெக்ஸ்' பிளாஸ்டிக்கும் கத்தி உறையானது. அதற்குச் சாயம் வேண்டாம், மெழுகு வேண்டாம், துருவும் ஏறாது. கணக்குப் பார்த்தால் தோல் அத்தோடு செத்திருக்க வேண்டும்.

சாகவில்லை. காரணம் கையால் கத்தி செய்பவர்கள். ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் போ ராண்டல் என்பவர் 1930களின் பிற்பகுதியில் தன் முதல் கத்தியைச் செய்தார். போர்வீரர்கள் கடிதம் எழுதிக் கேட்க ஆரம்பித்தபின் அது தொழிலானது. 1950களில் நியூயார்க் கடை ஒன்றில் ராண்டல் கத்தி கேட்டுப்போன பாப் லவ்லெஸ், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றதும் தானே ஒன்றைச் செய்துகொண்டார். பின்பு அவரே பெரிய பெயரானார். 1970-ல் அமெரிக்கக் கத்திக் கைவினைஞர்கள் தமக்கென்று ஒரு சங்கமும் தொடங்கினார்கள்.

ராண்டல் கத்திகளுக்கு உறை தைத்தவர்கள் வெளியாட்கள். முதலில் உள்ளூர்க்காரர் கிளாரன்ஸ் மூர், போருக்குப் பின் டென்வரின் ஹைசர் சேணக்கடை, 1960களில் ஜான்சன். கத்தியில் தேதி கிடையாது. ஒரு கத்தி எந்தக் காலத்தது என்று சேகரிப்பாளர்கள் முடிவு செய்வது பெரும்பாலும் உறையைப் பார்த்துத்தான். பின்பக்கம் ஹைசர் முத்திரை இருக்கிறதா, ஜான்சன் உறையின் தொடக்ககாலத்து அடையாளமான சொரசொரப்பான பின்முதுகு இருக்கிறதா, எந்தப் பழுப்பு, எந்தத் தையல். கணக்குப் பாஷையில் சொன்னால் கத்தி சரக்கு, உறைதான் பில். பில் தொலைந்த சரக்குக்கு விலை குறைகிறது. அலகு மட்டும் இருந்து உறை போன பழைய கத்தியும், உறையோடு இருப்பதும் ஏலத்தில் ஒரே விலைக்குப் போவதில்லை. 15-ஆம் நூற்றாண்டு லண்டனில் பெயரை இழந்த உறைக்காரர், 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் முத்திரையோடு திரும்பி வந்துவிட்டார்.

அதனால் மறுசாயம் ஏற்றுவது இந்த வட்டாரத்தில் பெரும் பாவம். பழைய உறை வெளிறியிருக்கிறதே என்று பளபளவென்று கறுப்படித்து விற்க வந்தவர்கள் விலையைத் தாங்களே கெடுத்துக்கொண்டார்கள். வெயிலும் கைவியர்வையும் எண்ணெயும் சேர்ந்து அரை நூற்றாண்டில் தந்த பழுப்பை எந்தப் புட்டியிலிருந்தும் ஊற்ற முடியாது.

இவ்வளவு மதிக்கிற அந்த உறைக்குள் சேகரிப்பாளர்கள் கத்தியை வைப்பதில்லை. வைத்தால் தோலின் அமிலமும் கொழுப்பும் பித்தளைக் காவலில் பச்சைக் களிம்பு ஏற்றும், அலகில் புள்ளி விழும். எண்ணெய் தடவிய அலகைத் தனியாகச் சுற்றி ஒரு பக்கம் வைக்கிறார்கள். உறை அதன் அருகிலேயே, காலியாக, இன்னொரு பொட்டலத்தில் இருக்கிறது.